விசா விண்ணப்பத்தில் மஞ்சள்

புரட்டாசி 29, புதன். ஈஸ்ட் பிரன்ஸ்விக், அமெரிக்கா.

இன்னும் ஆறு மாதம் இங்கே தங்க அனுமதி கேட்கும் விண்ணப்பம் இன்று போய்விட்டது. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று நாள் பார்த்தது நான்தான். காரியத்தைக் கெடுக்கப் பார்த்ததும் நான்தான்.

மகள் கவிதா பிரிண்ட் எடுத்துத் தந்தாள். கையெழுத்துப் போட்டு, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்தின் முன்னால் வைத்தேன். தாலுகா ஆபீஸில் மனு வாங்கியே ரிட்டையர் ஆனவன் நான். அங்கே மஞ்சள் தடவாத மனு அபூர்வம். இங்கே மூலையில் இருந்த பார்கோடு மஞ்சளில் ஊறிவிட்டது.

"அப்பா! இது என்ன கல்யாணப் பத்திரிகையா? ஸ்கேன் ஆகாம ரிஜெக்ட் பண்ணிட்டா?"

"பண்ணட்டும். ஊருக்குப் போறேன். உனக்கும் நிம்மதி."

இந்த வாய் சும்மா இருக்காது. அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். மறுபடி பிரிண்ட் எடுத்துக் கையெழுத்து வாங்கினாள். தன் அறையில் வைத்துக் கவரை ஒட்டி, ஆபீஸ் போகிற வழியில் போஸ்ட் பண்ணிவிட்டாள்.

நான் இங்கே இருப்பது பாரமோ என்று பகலெல்லாம் மனசை அரித்தது.

இரவு சமைத்தது நான். அவள் அடுப்புப் பக்கமே வரவில்லை. சாப்பிட உட்கார்ந்தவளின் மோதிர விரல் நகத்தில் மஞ்சள்.

"எங்க தடவினே?"

"கவருக்கு உள்பக்கம். பேசாம சாப்பிடுங்கப்பா."

டாக்டர் இரண்டு கரண்டிச் சோறுதான் சொல்லியிருக்கிறார். மூன்றாவதும் போட்டுக்கொண்டேன்.