ஸ்டாண்டில் பூட்டிய வண்டி

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து மூட்டம். மிரட்டிவிட்டுப் போனதோடு சரி, ஒரு சொட்டு இல்லை. ஆற்றில் தண்ணீர் அதிகம், பரிசல் தடை. ஒகேனக்கல் சவாரி சுத்தமாகப் படுத்துவிட்டது. பென்னாகரம் டாக்ஸி ஸ்டாண்டில் ஏழு வண்டியும் வரிசையில் தூங்குகின்றன.

மகள் ரேவதி பெங்களூரிலிருந்து அனுப்பின மேப் மிசின் வந்து சேர்ந்தது. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிசு. முன் கண்ணாடியில் ரப்பர் வைத்து ஒட்டிக்கொள்கிறது. சிக்னல் இல்லாத காட்டு ரோட்டிலும் வழி காட்டுமாம். போனிலேயே பார்க்கலாம்தான், ஆனால் நடுவில் ஒரு கால் வந்தால் வழி போய்விடுகிறது. போன மாதம் ஏர்போர்ட் சவாரியில் மேம்பாலத்தில் ஏறுவதா, கீழே போவதா தெரியாமல் முழித்தேன். அந்த ஆளுக்குப் பிளைட் போச்சு. "மேப் மிசின் மாட்டாத வண்டிக்கு இனிமே ஏர்போர்ட் சவாரி குடுக்க மாட்டேனுங்க" என்று டிராவல்ஸ்காரர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். இதை மகளிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன வாரமே வாங்கிவிட்டாள். பெருமையாகவும் இருக்கிறது, கூச்சமாகவும் இருக்கிறது.

மிசினில் ஒரு பெண் குரல். "முந்நூறு மீட்டரில் வலதுபுறம் திரும்பவும்." மல்லிகா கேட்டுவிட்டு: "கட்டிக்கிட்டு வந்த நாளா நானும் வழி சொல்றேன், ஒரு நாள் திரும்பியிருக்கீங்களா? அவ சொன்னதும் திரும்புறீங்க."

அன்வர் பாய்தான் ஸ்டாண்டில் முதலில் தொட்டுப் பார்த்தார். அவர் வூடு ஸ்டாண்டுக்குப் பின்சந்தில், நடந்தால் நாலு நிமிஷம். அதற்கு வழி கேட்டார். மிசின் ஊரைச் சுற்றி அனுப்பியது. "டேய் குமரேசு, இத நம்பிப் போனா நான் ராத்திரி சோத்துக்குத்தான் வூடு சேருவேன்" என்றார். ரொம்ப நாள் கழித்து எல்லோரும் சிரித்தோம்.

ஜூலை 9, புதன்

வெயில். ஒகேனக்கல் பார்க்கிங்கில் கர்நாடகா வண்டி ஒன்றின் கண்ணாடியை உடைத்து மேப் மிசினை எடுத்துப் போய்விட்டார்களாம். உள்ளே கைப்பை இருந்திருக்கிறது, அதைத் தொடவில்லை. மிசின்தான் வேண்டும்.

உடனே ரேவதிக்குப் போன். அவள் ஆபீசில் யாரிடமோ கேட்டு வரிசையாகச் சொன்னாள், எழுதிக்கொண்டேன்:

- இறங்கினால் மிசினைக் கழற்றி எடுத்துப் போக வேண்டும். முடியாவிட்டால் சீட்டுக்கு அடியில்.
- கண்ணாடியில் ரப்பர் ஒட்டின வட்டத்தைத் துடைக்க வேண்டும். வட்டத்தைப் பார்த்தாலே மிசின் உள்ளே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.
- வயரும் தொங்கக் கூடாது.
- 'வீடு' என்று விலாசத்தைப் பதியக் கூடாது. திருடினவன் நேராக வூட்டுக்கே வருவான். பதிந்திருந்ததை அழித்துவிட்டு போலீஸ் ஸ்டேஷனைப் பதிந்தேன். வரட்டும்.
- அடியில் இருக்கிற நீள நம்பரை எழுதி வைக்க வேண்டும். இந்த டைரியின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.
- வண்டியைப் பூட்ட வேண்டும்.

கடைசியை மட்டும் அவளிடம் சரி சரி என்றேன். எங்கள் ஸ்டாண்டில் வண்டியைப் பூட்டுகிறவன் கிடையாது. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் சாக்கடை, நடுவில் ஒரு வண்டி அகலம். முன்வண்டி சவாரி போனால் பின்வண்டிகள் ஒவ்வொன்றாக முன்னுக்கு வர வேண்டும். டீ குடிக்கப் போனாலும் சோற்றுக்குப் போனாலும் சாவி வண்டியில்தான். இருக்கிறவன் இல்லாதவன் வண்டியை நகர்த்துவான். வெள்ளிக்கிழமை பாய் தொழுகைக்குப் போனால் நான் நகர்த்துவேன். நான் கோயிலுக்குப் போனால் அவர். பதினாறு வருஷமாக எனக்கு அடுத்த வண்டி அவருடையது. பெங்களூரில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு இதை எப்படி விளக்குவது?

ஜூலை 11, வெள்ளி

ஏர்போர்ட் சவாரி கிடைத்தது. மேம்பாலத்தில் சரியாக ஏறினேன். நாலு வழி பிரிகிற இடத்திலும் தடுமாறவில்லை. வருகிற வழியில் அதியமான்கோட்டை தாண்டி டீ. மிசினைக் கழற்றி லுங்கி மடியில் செருகிக்கொண்டு டீ குடித்தேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

பாத்ரூம் போனாலும் பையில் மிசின். மல்லிகா சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

ஜூலை 14, திங்கள்

நல்ல நாள் இல்லை.

எங்கள் ஸ்டாண்டில் வண்டி ஓட்டுகிற மாதையன் மிசின் போய்விட்டது. என் மிசினைப் பார்த்துத்தான் அவனும் வாங்கினான், அஞ்சு நாள்கூட ஆகவில்லை. சாவியை வண்டியில் விட்டுவிட்டு இட்லி சாப்பிடப் போனான். வந்து பார்த்தால் கண்ணாடியில் வட்டம் மட்டும். பாவம், ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அவன் இல்லாதபோது அவன் வண்டியை முன்னுக்கு எடுத்தது அன்வர் பாய். எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. நான்தான் திறந்தேன்.

"பாய், வண்டிய எடுத்தப்ப மிசின் இருந்துச்சா?"

"நான் ஸ்டேரிங்கப் பாத்தேன், ரோட்டப் பாத்தேன். மிசினப் பாக்கல."

"அம்மாம் பெருசு கண்ணு முன்னாடி இருக்குது, பாக்கலையா?"

சும்மா கேட்டதுதான் என்று எழுத நினைத்தேன். டைரிக்கு எதற்குப் பொய்? சும்மா கேட்கவில்லை. அவர் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், செலவு இருக்கிறது என்று மனசு எங்கெங்கோ ஓடியது. பாய் பீடியைப் போட்டு மிதித்தார்.

சாயங்காலம் சோற்றுக்குக் கிளம்பும்போது வண்டியைப் பூட்டினேன். டக் என்று சத்தம். ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.

ஜூலை 15, செவ்வாய்

பாய் இன்று என்னிடம் பேசின ஒரே வாக்கியம்: "வண்டிய எடுக்கறீங்களா, முன்னாடி எடம் காலியா கெடக்குது."

எடுக்கறீங்களா. பதினாறு வருஷமாக டேய், நீ, வாடா, போடா. நான் பாய், நீங்க என்பேன், அவர் பெரியவர். இன்று எனக்கும் ங்க.

மல்லிகாவிடம் சொன்னேன். "நீங்க பூட்டுனது வண்டிய இல்ல" என்றாள். பிறகு குழம்பு கொதிக்கிறது என்று எழுந்து போய்விட்டாள். பொண்டாட்டியும் அந்தப் பக்கம்தான். மகள் வாங்கிக் கொடுத்ததைப் பத்திரமாக வைத்தால் குற்றமா?

மூட்டு வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. காற்று. ஸ்டாண்டு முழுக்க மண். மத்தியானம் நான் கக்கூசுக்குப் போயிருந்த நேரம் முன்வண்டி போய்விட்டது. திரும்பி வந்தால் பின்னால் நாலு பேர் வண்டிக்குள் உட்கார்ந்து என்னையே பார்க்கிறார்கள். ஹாரன்கூட அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கண்ணாடி வட்டத்தைத் துடைத்துத் துடைத்து அந்த இடம் மட்டும் பளபளவென்று இருக்கிறது. இதுவே காட்டிக்கொடுக்கும் போலிருக்கிறது. முழுக் கண்ணாடியையும் துடைக்க வேண்டும்.

ஜூலை 19, சனி

மாதையன் மிசின் கிடைத்துவிட்டது.

ஒகேனக்கல் பார்க்கிங்கில் ஒருவன் கையும் களவுமாக மாட்டினான். பையில் நாலு மிசின். ஒன்றின் பின்னால் மாதையன் ஆணியால் கீறி வைத்த வண்டி நம்பர். வெளியூர்க்காரன். டீ குடிக்கிற மாதிரி எங்கள் ஸ்டாண்டில் நின்று, வண்டி நகர்ந்து நின்றதும் கையை விட்டு எடுத்திருக்கிறான்.

மாதையன் எல்லோருக்கும் மிக்சர் வாங்கிக் கொடுத்தான். பாய்க்கு முதலில் நீட்டினான். "ஒங்கள ஒரு நிமிசமும் நெனைக்கலீங்க பாய்" என்றான். பாய் ஒரு கை மிக்சர் எடுத்துக்கொண்டு, "நீ நெனைக்க மாட்ட, தெரியும்டா" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. என் பங்கு மிக்சரைக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

பாயிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். காலையில் முடிவு பண்ணினேன்.

பத்து மணிக்கு அவர் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். கிட்டே போனேன். "பதினெட்டுக்குக் கூட்டம் எப்பிடி இருக்கும் பாய்?" என்று கேட்டேன். ஆடிப்பெருக்கைப் பற்றி யார் கேட்டது? "தண்ணி வந்தா கூட்டம் வரும்" என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

பூட்டாமல் விட்டுவிடலாம் என்று மத்தியானம் சாவியை வண்டியிலேயே விட்டு இறங்கினேன். பத்து அடி நடந்திருப்பேன். இன்றைக்குத் திறந்து விட்டால், இத்தனை நாள் அவரைத்தான் திருடன் என்று நினைத்தேன் என்று நானே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆகாதா? திரும்பிப் போய்ச் சாவியை எடுத்துப் பூட்டினேன். வெட்கம் கெட்டவன். ஒரு யோசனை மட்டும் வந்தது. தர்மபுரியில் கார் சாமான் கடையில் மிசினை உள்ளே வைத்துப் பூட்டுகிற இரும்புப் பெட்டி கிடைக்கிறதாம். அதைச் சீட்டுக்கு அடியில் போல்ட் போட்டுவிட்டால் வண்டியைத் திறந்து விடலாம், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம்.

ஜூலை 22, செவ்வாய்

எழுத உட்கார்ந்து அரை மணி ஆகிறது.

இன்று சந்தை. வரிசையில் நான் மூன்றாவது, எனக்குப் பின்னால் பாய். சவாரி மந்தம். முன்னால் இருக்கிற இரண்டு வண்டியும் போக மத்தியானம் ஆகும் என்று கணக்குப் போட்டேன். மிசினைச் சீட்டுக்கு அடியில் தள்ளி, வண்டியைப் பூட்டி, பஸ் ஏறி தர்மபுரி போனேன். பெட்டி வாங்க.

ஒரே மணி நேரத்தில் முன்வண்டி இரண்டும் கிளம்பிவிட்டன. என் வண்டி வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

பாய் சம்சாரம் ஜமீலா அக்கா வூட்டில் துணி மடிக்கும்போது வாய் ஒரு பக்கம் கோணி விழுந்திருக்கிறார். வலது கை தூக்க வரவில்லை. பக்கத்து வூட்டுப் பொம்பளைகள் சேலையில் வைத்து ஸ்டாண்டுக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள், பாய் வண்டி இருக்கிறதே என்று. முன்னால் என் வண்டி. பின்னால் மூன்று வண்டி, அதற்கும் பின்னால் சந்தைக் கடை, தக்காளிக் கூடை, ரோடே தெரியாது. 108 வேறு கேசுக்குப் போயிருந்தது. சந்தைக் கூட்டத்தில் ஆட்டோ கிடைத்து, நகர்ந்து, இங்கே ஆஸ்பத்திரியில் காட்டி, அங்கிருந்து தர்மபுரிக்கு ஏற்றி அனுப்ப எவ்வளவு நேரம்.

போன் வந்தது. எனக்கு. பஸ்ஸில் ஜன்னல் சீட். 'அன்வர் பாய்' என்று திரையில் பேர். வண்டியை எடு என்று எல்லார் முன்னாடியும் திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. நாலு தடவை அடித்தது. நாலு தடவையும் பார்த்தேன். அஞ்சாவது மாதையன் கூப்பிட்டான், அதையும் எடுக்கவில்லை.

பெட்டி வாங்கி, கடையில் டீ கொடுத்தார்கள், குடித்துவிட்டு மெதுவாக வந்தேன். ஸ்டாண்டில் மாதையன் என் சட்டையைப் பிடித்தான். அப்போதுதான் தெரியும். எடுத்திருந்தாலும் நான் வந்து சேர்ந்திருக்க முடியாதுதான். ஆனால் உடைங்கடா கண்ணாடியை என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனே.

மல்லிகா சோறு போட்டாள். தட்டை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஜூலை 23, புதன்

காலையிலேயே தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரி. மல்லிகாவும் வந்தாள், பிளாஸ்க்கில் கஞ்சி.

ஜமீலா அக்காவுக்கு உயிருக்குப் பயமில்லை. வலது கை, வலது கால் அப்படியே கிடக்கிறது. பேச்சு வரவில்லை. மல்லிகாவைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் மட்டும். ரம்ஜானுக்கு எங்கள் வூட்டுக்கு வாளி நிறையப் பிரியாணி அனுப்புகிற கை அது. நர்சம்மா சொன்னது: "இதுக்கு நேரந்தாங்க மருந்து. இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா ஊசி போட்டிருக்கலாம்." யாரையும் குற்றம் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னாள்.

பாய் வராண்டாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். நேற்றுப் போட்ட சட்டை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்ன பேச? மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். அழுதேன். ஆஸ்பத்திரியில் போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அவர் என் முதுகில்கூடக் கை வைத்தார். அதுதான் தாங்கவில்லை.

"கண்ணாடிய ஒடைச்சிருக்கலாமே பாய்" என்றேன். "பக்கத்துல கல்லு கெடந்துச்சே. ஒடைச்சி, கியர நியூட்ரல் பண்ணி வண்டியத் தள்ளிப் போட்டுட்டுப் போயிருக்கலாமே. நான் ஒரு வார்த்த கேட்டிருப்பேனா?"

"கல்ல எடுத்தனுங்க."

உள்ளே யாருக்கோ டிரிப் ஏற்றப் போகிறார்கள், வண்டி உருளுகிற சத்தம்.

"கையில எடுத்துட்டேன். உள்ள ஒங்க மிசின் இருக்குதேன்னு ஞாபகம் வந்துச்சு. கீழ போட்டுட்டு ஆட்டோ தேடப் போயிட்டேன்."