உன் மகன் அனுப்பிய காட்டு அத்தர்

நீ கண்மூடிய பிறகு ஊருக்கு வந்த உன் மகன் சாதிக், இன்று காலை உன் பீரோவில் இருந்த அந்த அத்தர் புட்டியை என் கையில் வைத்தான். சுண்டுவிரல் உயரம்தான். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மூடியைத் திறந்ததும் நீயே வந்து பக்கத்தில் நின்ற மாதிரி ஆகிவிட்டது.

துபாய் கம்பெனி அவனைச் சிலி நாட்டுச் சுரங்கத்துக்கு மாற்றிய வருடம் அனுப்பியது. தென்னமெரிக்கக் காட்டு இலை, மலைப்பூ, அங்குள்ள பழங்குடிகள் வழிபாட்டில் புகைக்கிற மரம் எல்லாம் சேர்த்து வடித்ததாம், கெமிக்கலே கிடையாதாம். அட்டையில் இருந்ததை உனக்குப் படித்துக் காட்டினேன். நீ மணிக்கட்டில் தடவி மூக்கில் வைத்து இழுத்தாய். ஒன்றும் தெரியவில்லை. கொரோனாவில் போன வாசனை உனக்குத் திரும்பவே இல்லை. உன் வீட்டில் சோறு அடிப்பிடித்தால்கூட சுவருக்கு இந்தப் பக்கமிருந்து நான்தான் கத்த வேண்டும்.

“ஏட்டி, நீ மோந்து சொல்லு. பிள்ள எப்படியாப்பட்ட எடத்துல இருக்கான்னு பாப்போம்” என்றாய்.

வாசனையை வைத்து ஊரைச் சொல்ல நான் என்ன குறிகாரியா? ஆனால் உன் முகத்தைப் பார்த்த பிறகு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? முதலில் நாரத்தை இலையைக் கசக்கிய வாசம். அப்புறம் சாரல் விட்டதும் ஐந்தருவிப் பாதையில் வருகிற ஈர வாசம். கடைசியில் சாம்பிராணிப் புகை மாதிரி ஒன்று. இருந்ததைத்தான் சொன்னேன்.

“அப்ப குளுகுளுன்னு நம்ம குத்தாலம் மாதிரிதான் இருக்கும். பிள்ளைக்கு ஒத்துக்கிடும்” என்றாய். அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டாய்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் குளித்து முடித்து ஒரு துளி வைத்துக்கொண்டு, சுவருக்கு மேலே கையை நீட்டுவாய். “இன்னைக்கு எப்படி இருக்கு?” நான் வேண்டுமென்றே “கருவாட்டு வாசம் அடிக்குது” என்பேன். மண்டையில் ஒரு தட்டு விழும். சாதிக் போனில் வந்தால் மட்டும், “ஏலே, தெருவே மணக்குதுலே!” என்று அளப்பாய். போனை வைத்ததும் என்னிடம், “அவன்ட்ட சொல்லிராத. ஆசையா அனுப்புனது.”

இன்று அவனே சொன்னான். “மாமி, நான் இருக்குத எடத்துல ஒரு மரம் கெடையாது. மழையவே கண்ணால பாக்கல. வெறும் புழுதி. உம்மா வெசனப்படும்னு சொல்லல. இத ஏர்போர்ட்ல வாங்கி அனுப்புனேன்.” பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: “உம்மாக்கு இந்த வாசம் ரொம்பப் புடிக்கும்லா?”

வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். “சாரல்ல நிக்குத மாதிரி இருக்குன்னு சொல்லுவாடா” என்றேன். புட்டியை வாங்கி அவனும் ஒரு தடவை மோந்து பார்த்தான். வெகுநேரம் திருப்பித் தரவில்லை.

அவன் மறைத்தது உனக்குத் தெரியாமல் போனது. நீ மறைத்தது அவனுக்குத் தெரியப்போவதில்லை. இரண்டையும் என்னிடம் விட்டுவிட்டீர்கள். இருக்கட்டும், பாரமாக இல்லை.

இன்றைக்கும் வெள்ளிதான். அவன் போனதும் மணிக்கட்டில் ஒரு துளி வைத்துக்கொண்டு சுவரோரம் போனேன். அந்தப் பக்கமிருந்து கை நீளவில்லை. இருந்தாலும் சத்தமாகவே சொன்னேன்.

“ஏட்டி, இன்னைக்கு நாரத்தை வாசம் தூக்கலா இருக்கு.”