உயிரோடிருப்பதற்கான தாள்

லா சப்பேல், பாரிஸ்
14 நவம்பர் 1986

மயிலிட்டியில் இருக்கும் தங்கை புனிதவதி அறிய,

உங்கள் கணவர் யோகநாதன் இரண்டு வருஷம் வேலை பார்த்த மளிகைக் கடையின் முதலாளி சூசைநாதன் எழுதுகிறேன். இது சுகம் விசாரிக்கும் கடிதம் இல்லை. பக்கத்தில் பெரியவர்கள் யாரையாவது வைத்துக்கொண்டு படியுங்கள். அவனை அவன் என்றே எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். கடையில் அப்படித்தான் கூப்பிட்டுப் பழக்கம்.

யோகநாதன் இறந்துவிட்டான் அம்மா. அக்டோபர் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை காலை, ஸ்காட்லாந்துக் கடலில். மீன்பிடிப் படகிலிருந்து அலை அடித்துக்கொண்டு போனது. இரண்டு நாள் கழித்துப் பாறைகளுக்குக் கீழே ஒதுங்கினான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. ஆனால் இதை மட்டும் சொல்வதென்றால் தந்தி போதும். அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வருஷம் இங்கே அவனுடைய அகதி மனுவைத் தள்ளிவிட்டார்கள். அவன் என் மகன் அல்பிரட்டின் பாஸ்போர்ட்டைக் கேட்டான். "அண்ணை, ஒருக்காத் தாங்கோ. லண்டனிலை இறங்கின உடனை தபாலிலை திருப்பி அனுப்புறன். வெள்ளைக்காரனுக்கு எங்கட மூஞ்சியெல்லாம் ஒண்டுதானே" என்றான். நாங்கள் பாண்டிச்சேரிக்காரர்கள், பிரெஞ்சுப் பிரஜைகள். எங்கள் பாஸ்போர்ட் இருந்தால் அந்த நாட்டில் வேலையும் செய்யலாம். இந்தத் தெருவில் இதை இரவல் கொடுப்பது இட்லிப் பானை இரவல் கொடுப்பது போலத்தான். அல்பிரட்டும் தலையாட்டினான். கொடுத்தோம்.

அது திரும்பி வரவில்லை. கடிதம்தான் வந்தது. படகில் வேலை கிடைத்திருக்கிறது, குளிரைத் தவிரக் கடல் எங்கேயும் கடல்தான், அவையளைக் கூப்பிடும் மட்டும் பொறுங்கோ அண்ணை என்று எழுதியிருந்தான். அவையள் என்றது உங்களையும் பிள்ளைகளையும்தான். பொறுத்துக்கொண்டேன்.

அக்டோபர் கடைசியில் சார்செலில் எங்கள் வீட்டுக்கு ஸ்காட்லாந்துப் போலீசின் கடிதம் வந்தது. உங்கள் மகன் அல்பிரட் கடலில் இறந்துவிட்டார், வந்து அடையாளம் காட்டுங்கள் என்று இருந்தது. என் மனைவி மர்கரீத் போட்ட கூச்சலில், அல்பிரட் குளியலறையிலிருந்து துவாலையோடு ஓடி வந்து யார் செத்தது என்று பிரெஞ்சில் கேட்டான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எனக்கு இரண்டும் வரவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் கடை வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். கூட யாரையும் அழைத்துப் போகிற விஷயமா இது? என் வண்டிக்கு ஸ்டியரிங் இடது பக்கம், அங்கே ஓட்டுவதும் சாலையின் இடது பக்கம். முன்னால் லாரி போனால் எதிரே வருவது தெரியாது. லாரிக்குப் பின்னாலேயே போனேன். சட்டைப் பையில் இரண்டு பொருள். ஒன்று, கடையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்று யோகநாதன் சிரிக்கிற போட்டோ. மற்றது, அல்பிரட் உயிரோடு இருக்கிறான் என்று சார்செல் மெரி, அதாவது நகராட்சி அலுவலகம், முத்திரை போட்டுக் கொடுத்த தாள். எங்கள் ஊர்ப் பென்ஷன்காரர்கள் வருஷா வருஷம் வாங்குவார்களே, அதே தாள். என் மகனுக்கு இருபத்தாறு வயதில் அதை வாங்கினேன்.

நேராகப் போலீசுக்குப் போகவில்லை. கரையோரமாகவே, துறைமுகம் துறைமுகமாகப் போனேன். பாஸ்போர்ட்டை அவன் வேறு யாருக்காவது விற்றிருப்பான், செத்தது அந்த யாரோ என்று ஒரு நம்பிக்கை. கைக்கு வந்த பொருளைச் சும்மா வைத்திருப்பவன் முட்டாள் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். அதையாவது கேட்டிருக்கக் கூடாதா என்று ஜெபித்துக்கொண்டே ஓட்டினேன்.

ஆர்ப்ரோத் என்ற ஊரில் மீனைப் புகையில் வாட்டி விற்கிற ஒரு கிழவி, போட்டோவைப் பார்த்ததும் "அல்பிரட்!" என்று கை தட்டினாள். மிளகாய்த்தூள் இல்லாத மீன் நோயாளிக்குத்தான் என்று அவளையே கிண்டல் செய்தானாம். ஸ்டோன்ஹேவனில் சாராயக் கடைக்காரனுக்கு அவனைத் தெரிந்திருந்தது. பீட்டர்ஹெட்டில் படகுக்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். எங்கேயாவது ஒருவன், இந்த ஆளைப் பார்த்ததில்லை என்று சொல்லமாட்டானா என்று ஏங்கினேன். எல்லோருக்கும் அவனைத் தெரிந்திருந்தது. அவன் பெயர்தான் ஒருவருக்கும் தெரியவில்லை.

அதற்கும் வடக்கே, அவன் ஒதுங்கிய ஊர். பாறை மாடிக் கட்டடம்போல் நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. கோடையில் பறவைகள் கூடு கட்டுமாம். நான் பார்த்தபோது வெள்ளை எச்சக் கறை மட்டும் இருந்தது. விளிம்பில் வெகுநேரம் நின்றேன். காற்று நேராக நிற்க விடவில்லை.

போலீஸ் அதிகாரி வயதானவர், நல்ல மனிதர். தேநீர் கொடுத்து, துணியை விலக்கி முகத்தைக் காட்டினார். அவன்தான் அம்மா. இடது புருவத்தில் அந்தத் தழும்பு. பாஸ்போர்ட்டை நம் கடையில் மல்லித்தூள் போடுகிற பிளாஸ்டிக் பைக்குள் வைத்துச் சட்டையோடு தைத்திருந்தான். ஒரு சொட்டு நனையவில்லை. என் பொருளை அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தான்.

நான் மெரித் தாளை எடுத்து மேசைமேல் வைத்தேன். இது என் மகன் இல்லை, பாஸ்போர்ட் திருட்டுப் போனது, இந்த ஆளை எனக்குத் தெரியாது என்று சொன்னேன். உண்மையைச் சொன்னால் அல்பிரட்டும் நானும் ஜெயிலுக்குப் போவோம். அதைத் தெரிந்தே சொன்னேன். உங்கள் கணவரைத் திருடன் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டேன்.

அவர் ஒன்றே ஒன்று கேட்டார். முகத்தைப் பார்த்து எந்த மதம் என்றாவது சொல்ல முடியுமா, எரிப்பதா புதைப்பதா, முறையாகச் செய்து அனுப்பலாமே என்றார். அவன் கடையில் தினமும் திருநீறு பூசிக்கொண்டு கல்லாவைத் தொட்டுக் கும்பிட்டவன். தெரியாது என்றேன்.

இந்த மாதம் முப்பதாம் தேதி வரை வைத்திருப்பார்கள். அதற்குள் யாரும் வராவிட்டால் பெயர் இல்லாமல் புதைத்துவிடுவார்கள். கொழும்பு வழியாக இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர எத்தனை நாள் ஆகும் என்று எனக்குத் தெரியும். தபாலில் சரக்கு அனுப்பிப் பழகியவன் நான். அவன் உங்கள் கணவன் என்று நீங்கள் ஒரு வரி எழுதி அனுப்பினால் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று இங்கே எழுதலாம். அது ஏமாற்று. உங்கள் வரி வந்து சேரும்போது மண் மூடியிருக்கும். இன்றைக்கே புறப்பட்டுப் போய் வாயைத் திறக்க வேண்டியவன் நான்தான். வண்டி வாசலில் நிற்கிறது. நான் போகவில்லை.

திதி பார்க்க ஒன்பதாம் தேதியை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே யாரும் அவன் பெயரைச் சொல்லப்போவதில்லை. நீங்கள் செய்யும்போது ஐயரிடம் முழுப் பெயரையும் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். உங்களையும் பிள்ளைகளையும் ஆசீர்வதித்து முடிக்க வேண்டும். என் வாயால் வேண்டாம், உங்கள் சாமியே காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
பே. சூசைநாதன்