வெப்பமானி உன் பையில்

மேவிஸ்,

வண்டிக்குப் பெட்ரோல் போடப் போகிறேன், ஏழு மணிக்குள் வந்துவிடுவேன். முட்டை சாண்ட்விச் ஃபிரிட்ஜில் இருக்கிறது. கருகினது எனக்கு.

இன்றைக்கு மீன் பிடிக்கப் பெரிய ஆறு வேண்டாம். ஆகஸ்ட் கடைசியில் அங்கே மதியத்துக்குள் தண்ணீர் சூடேறிவிடும். அந்தச் சூட்டில் ட்ரவுட் மீனைப் பிடித்துத் திரும்ப விட்டாலும் பிழைக்காது. போன வருடம் தண்ணீரில் விட்ட வெப்பமானி எழுபது டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியதை உன்னிடம் அறுபத்துநாலுதான், பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, மூன்று மீன் வயிறு தெரிய மிதக்கும்வரை தூண்டில் வீசிய மகாவீரன் நான்தான்.

"மீன் போனா போவுது, ஆர்லோ. எங்கிட்ட எதுக்குப் பொய் சொன்ன?" என்று நேற்று கேட்டாய். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். கழுவினதையே இன்னொரு தரம் கழுவினேன்.

நல்ல காரணமாகத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. மீன் கடித்துக்கொண்டிருந்தது, கிளம்ப மனசில்லை. அவ்வளவுதான்.

அதனால் மலைமேல் இருக்கிற சின்ன ஓடைக்குப் போகலாம். உள்ளங்கை நீள மீன்தான், ஆனால் தண்ணீர் எப்போதும் சில்லென்று இருக்கும். வெப்பமானியை உன் பையில் வைத்துவிட்டேன். நீயே அளந்து பார், நீ போதும் என்றால் போதும்.

ஆர்லோ

பி.கு.: வருவதாக இருந்தால் உன் பூட்ஸை வாசலில் எடுத்து வை. அங்கே இல்லையென்றால் ஏன் என்று கேட்கமாட்டேன். தனியாகவும் போகமாட்டேன்.