விரல் தூக்காத வீபோல்ட்

அக்டோபர் 6, 2017

மறுபடியும் தூக்கவில்லை. தானியக் கிடங்குக்குப் போகிற சரளைச் சாலையில் எதிரும் புதிருமாக வந்தோம். நான் எப்போதும்போல வணக்கத்துக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலைத் தூக்கினேன். ஆரின் வீபோல்ட் தலையை ஒரு வெட்டு வெட்டினான். அவ்வளவுதான். லாரி போய்விட்டது, புழுதிதான் எனக்கு மிச்சம்.

எங்கள் மாவட்டமான இந்தக் கவுண்டியில் வழி தப்பி வந்த வெளியூர்க்காரனுக்குக்கூட விரல் தூக்குகிறோம். வரி மதிப்புப் போட வருகிறவனுக்கும் தூக்குகிறோம். பெண்டாட்டியை விட்டு ஓடினவன் திரும்பி வந்தாலும் தூக்குகிறோம், வீட்டுக்குள் விடுவது வேறு விஷயம். ஓடைக்கு அந்தக் கரையில் முப்பது வருஷமாக இருக்கிற மனிதனால் எனக்கு ஒரு விரல் தூக்க முடியவில்லை!

என் வீட்டுக்காரர் லேலண்டிடம் சொன்னேன். "மக்காச்சோளம் அறுக்கிற நேரம், ஆர்டித். மறந்திருப்பான்" என்றார். மூச்சு விட மட்டும் மறக்கவில்லையே?

அக்டோபர் 11

இன்றும் இல்லை. இந்த முறை நானும் தூக்கவில்லை.

அக்டோபர் 19

எல்டன் பூட் போன் செய்தார். கவுண்டி நிர்வாகக் குழுவுக்கு அவர்தான் தலைவர். நாங்கள் மூன்று பேர்: எல்டன், கார்லண்ட், நான். சேற்றோடைப் பாலத்தை மூடிவிட வேண்டும் என்பது எல்டன் கட்சி. பழுது பார்க்க வேண்டும் என்பது கார்லண்ட் கட்சி. ஆக என் ஓட்டுதான் முடிவு. பழுது பார்ப்பதற்குத்தான் போடுவேன் என்று கோடையிலேயே ஆரினிடம் சொல்லியிருக்கிறேன். அவன் நிலத்தில் பாதி இந்தக் கரையில் கிடக்கிறது. பாலம் போனால் அறுவடை யந்திரத்தை நெடுஞ்சாலை வழியாகப் பதினோரு மைல் சுற்றிக் கொண்டுவர வேண்டும்.

எல்டன் பாலத்தைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. பருவநிலை, பன்றி விலை, முட்டி வலி. கடைசியில்தான் விஷயத்தை அவிழ்த்தார்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. ஆர்டித் ஓட்டு என் சட்டைப் பையில இருக்குன்னு வீபோல்ட் சொல்லிக்கிட்டுத் திரியறானாம்."

"யாரு சொன்னது?"

"காபிக் கடைல பேச்சு."

அப்படியா சேதி! ஓட்டு பைக்குள் வந்துவிட்டது, இனி விரல் எதற்கு? அதுதான் தூக்கவில்லை. இப்போது எல்லாம் பொருந்துகிறது.

அக்டோபர் 20

தூங்கவே இல்லை. வீபோல்டுகள் இரத்தமே அப்படி. இந்தக் கவுண்டியின் தலைநகரம் முதலில் எங்கள் ப்ராசெக் ஊர்தான். செக் நாட்டிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் சேர்ந்து கோர்ட் கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லாரும் கோயிலில் முட்டி போட்டிருந்த நேரம் பார்த்து மேற்குக் கரை ஜெர்மன்காரர்கள் வண்டி பூட்டிக்கொண்டு வந்து, பத்திரங்களையெல்லாம் வாரித் தங்கள் ஊரான ஆஷ்க்ரோவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இரும்புப் பெட்டி தூக்க வரவில்லை என்று அதை ஓடையில் போட்டுவிட்டுப் போனார்கள். அன்றைக்கு வண்டி ஓட்டியவர்களில் ஒரு வீபோல்ட் இருந்தான். நூற்று முப்பது வருஷம் ஆகிறது. இன்றைக்கும் ஒரு பிறப்புச் சான்றிதழ் வேண்டுமானால் நாங்கள்தான் அவர்கள் ஊருக்குப் போகிறோம்.

லேலண்ட் சொல்கிறார், "எனக்கு நெஞ்சு ஆபரேஷன் ஆனப்ப நம்ம சோளத்த அறுத்துக் குடுத்ததும் ஒரு வீபோல்ட்தான்." அதை இப்போது யார் கேட்டார்கள்?

நவம்பர் 14

கார்லண்ட் வீட்டுக்கே வந்தார். பாலத்தைக் காப்பாற்று என்று கெஞ்சாத குறை. அவர் பெண் கல்யாணமாகி அந்தக் கரையில் இருக்கிறாள். யோசிக்கிறேன் என்றேன். "யோசிக்க என்ன இருக்கு? ஆகஸ்ட்ல சரின்னவதானே நீ?" ஆகஸ்ட்டில் எனக்கு மரியாதை இருந்தது.

டிசம்பர் 12

போட்டுவிட்டேன்.

பொது விசாரணை, கோர்ட் கட்டடத்தில் உட்கார இடமில்லாத கூட்டம். ஆரின் கடைசி வரிசையில் கனத்த கோட்டோடு இருந்தான். உள்ளே ஹீட்டர் கொதிக்கிறது, கோட்டைக் கழற்றவில்லை. நான் பெரிய மனது பண்ணி, கூட்டம் தொடங்குமுன் நானே நடந்து போய்க் கை நீட்டினேன். எல்லார் கண்முன்னாலும். அவன் வலது கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. "நல்லாருக்கியா, ஆர்டித்" என்றான். என் கை அந்தரத்தில் நின்றது. பக்கத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அந்தக் கையை மடக்கி என் நாற்காலிக்குக் கொண்டுவந்து உட்கார்ந்தேன். பாலத்தை மூட எல்டன் முன்மொழிந்தார். கார்லண்ட் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "வழிமொழிகிறேன்" என்றேன். என் குரல் எனக்கே தெளிவாகக் கேட்டது.

ஆரின் எழுந்து போனான். கதவைச் சாத்தக்கூட இல்லை. நல்லது. பையில் வைத்திருந்தானே ஓட்டு, இப்போது தேடிப் பார்க்கட்டும்.

டிசம்பர் 13

சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்.

ஜனவரி 30, 2018

பாலத்தைப் பிரித்துவிட்டார்கள். வசந்தம் வரை பொறுப்பார்கள் என்று நினைத்தேன். பழுது பார்க்க ஒதுக்கியிருந்த பணம் அப்படியே கார்லண்டின் வட்டாரத்துச் சாலைகளுக்குச் சரளைக் கல்லாகப் போகிறது. அவர் வாயை அடைக்க எல்டன் போட்ட கணக்கு. கார்லண்ட் வாங்கிக்கொண்டார், ஆனால் என்னோடு பேசுவதில்லை.

பிப்ரவரி 16

எழுதித்தான் ஆக வேண்டும்.

ப்ராசெக் கோயில் கூடத்தில் தவக்கால வெள்ளி மீன் விருந்து. அந்தக் கரை லூத்தரன் சபைக்காரர்களும் மீன் என்றால் வருவார்கள். நார்மா வீபோல்ட் வரிசையில் எனக்கு முன்னால் தட்டோடு நின்றாள். சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? கோஸ் சாலட்டைக் கரண்டியால் அள்ளிக்கொண்டே கேட்டேன், நாலு பேர் காதில் விழட்டும் என்றுதான் கேட்டேன்:

"ஏம்மா நார்மா, உன் வீட்டுக்காரருக்கு ஒரு விரல் தூக்கக்கூட மனசு வரலியா?"

நார்மா திரும்பினாள். சத்தம் போடவில்லை.

"தூக்குறதுக்கு விரல் இருந்தாத்தானே, ஆர்டித்."

எனக்குப் புரியவில்லை. அவள் தட்டை மேஜையில் வைத்தாள்.

"செப்டம்பர்ல போச்சு. களஞ்சியத்துக்குத் தானியம் ஏத்துற திருகுக் குழாய்ல. ஆள்காட்டி விரல் முழுசா, நடு விரல் பாதி. பக்கத்துக் கவுண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னாரு, இங்க யாருக்கும் தெரியக் கூடாதுன்னு. போதுமா? இன்னும் ஏதாச்சும் கேக்கணுமா?"

நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

கை நீட்டினேனே. எல்லாருக்கும் முன்னால் அந்தக் கையைக் கேட்டேனே. கடவுளே, என்ன பண்ணிட்டேன் நான்?

பிப்ரவரி 17

சுற்றிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். கொட்டகையில் ஏதோ வேலையாக இருந்தான். தடித்த கையுறை, இரண்டு விரல் தொளதொளவென்று. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயைத் திறந்தால் சண்டைதான் வந்தது.

"நீ சொல்லியிருக்கலாம்ல?"

"எதச் சொல்ல? வருசா வருசம் கண்காட்சித் திடல்ல பிள்ளைங்கள உக்கார வச்சு, யந்திரத்தோட காப்புத் தகட்டக் கழட்டாதீங்கடான்னு வகுப்பு எடுக்கறவன் நான். அவசரத்துல நானே கழட்டினேன்னு சொல்லவா? ஊரே சிரிக்கும்."

"நான் சிரிச்சிருக்க மாட்டேன்."

"நீதான் மொதல்ல சிரிச்சிருப்ப."

உண்மைதான். அதுதான் இன்னும் எரிச்சல்.

"என் ஓட்டு உன் பையிலன்னு சொன்னியே, அது?"

"யாருகிட்ட சொன்னேன்? நான் காபிக் கடைக்குப் போயே மாசக் கணக்காச்சு. கைய எங்க வச்சுக்கிட்டுக் காபி குடிக்க?" திருப்புளியை எறிந்தான். "ஒரு போன் போட்டுக் கேக்க உன்னால முடியல. ஒரு விரலுக்காக என் நிலத்த ரெண்டாப் பொளந்துட்ட. மன்னிப்புன்னு வராத ஆர்டித். பாலத்தோட வா."

அவன் நாய்கூட என்னைப் பார்த்துக் குரைத்தது. போன வருஷம்வரை வாலாட்டின நாய்.

பிப்ரவரி 20

குழுக் கூட்டம். புதுப் பாலம் கட்ட வேண்டும் என்று முன்மொழிந்தேன். எழுந்து நின்று, தெளிவாக. ஆரின் பின்னால் உட்கார்ந்திருந்தான்.

எல்டன் கேட்டார், "வழிமொழியறவங்க?"

கார்லண்டைப் பார்த்தேன். அவர் உத்தரத்தைப் பார்த்தார். கவுண்டிக் கட்டடத்தின் உத்தரத்தில் பார்க்க என்ன இருக்கிறது, சிலந்தியைத் தவிர? "கார்லண்ட்" என்றேன். முதல்முறையாகக் கெஞ்சினேன்.

"நான் உன் வீட்டு வாசல்ல வந்து நின்னேனே, அப்ப எங்க போன?" என்றார். பிறகு, "அந்தக் கல்லு ஏற்கெனவே என் ரோட்டுல கொட்டியாச்சு."

"வழிமொழிய ஆள் இல்ல. செத்துப்போச்சு. அடுத்தது" என்றார் எல்டன். வெளியே போகும்போது காபிக் கடைப் பேச்சு யாருடையது என்று அவரைப் பிடித்துக் கேட்டேன். "யாரோ சொன்னாங்க, ஞாபகமில்ல" என்று முட்டியைத் தடவிக்கொண்டார். அந்த முட்டி தேய்ந்து உதிர்ந்து போகட்டும்.

மார்ச் 1

வேட்புமனுவுக்குக் கடைசி நாள். ஆரின் மனுப் போட்டிருக்கிறான். என் இடத்துக்கு! என்னை எதிர்த்து! இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டானாம், கிளார்க் பெண் சொன்னாள்.

ஆத்திரமாக வருகிறது. பதினாறு வருஷம் இந்தக் கவுண்டியின் ஒவ்வொரு மதகையும் தெரிந்து வைத்திருக்கிறேன். இவனுக்கு என்ன தெரியும்? லேலண்ட் பேப்பரை மடித்துவிட்டு, "பாலம் வேணும்னு தெரியும்" என்றார். இரவுச் சாப்பாட்டை அவரையே சூடு பண்ணிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 24

இந்தக் கரை நிலத்தை ஆரின் குத்தகைக்கு விட்டுவிட்டான். யந்திரத்தைச் சுற்றிக்கொண்டு வந்து கட்டுப்படியாகவில்லையாம். எங்கள் வேலிக்கு அடுத்து இப்போது யாரோ ஓர் இளவட்டம் விதைக்கிறான். என்னைக் கண்டால் உடனே விரலைத் தூக்குகிறான். தூக்கி என்ன செய்ய?

மே 15

கட்சிக்குள் முதற்கட்டத் தேர்தல். எங்கள் பக்கத்தில் வேறு கட்சிக்காரன் யாரும் நிற்பதில்லை, இதில் ஜெயித்தவனுக்குத்தான் நாற்காலி. ஓட்டுச் சீட்டில் என் பெயர் மேலே, அவன் பெயர் கீழே. ரொம்ப நேரம் நின்றேன் போலிருக்கிறது, அடுத்த ஆள் இருமினான்.

திரும்பும்போது லேலண்ட் சொன்னார், "எப்படியும் ரெண்டு ஓட்டு உனக்கு உறுதி. என்னோடது ஒண்ணு, உன்னோடது ஒண்ணு."

"ஒண்ணுதான்" என்றேன்.

அவர் வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தார். வீடு வரும்வரை ரேடியோவைப் போடவில்லை.

மே 16

தோற்றேன். நன்றாகவே தோற்றேன். ப்ராசெக் ஆட்களே எனக்குப் போடவில்லை. வாழ்த்துச் சொல்ல அவனுக்குப் போன் செய்யவில்லை. அந்த அளவுக்கு நான் நல்லவள் இல்லை.

ஜனவரி 8, 2019

போகக்கூடாது என்றுதான் இருந்தேன். புதுக் குழுவின் முதல் கூட்டம். பின்வரிசையில், கதவோரம், ஹீட்டருக்குத் தூரமாக உட்கார்ந்தேன். எனக்குப் பழக்கமில்லாத இடம், அங்கிருந்து பார்த்தால் எல்டனின் வழுக்கைதான் முதலில் தெரிகிறது.

ஆரின் கையுறை போடவில்லை. பிரமாணம் எடுக்க அந்தக் கையைத்தான் தூக்கினான். மொட்டையாக, அப்படியே, எல்லாரும் பார்க்கும்படி. யாரும் சிரிக்கவில்லை.

முதல் வேலையாகச் சேற்றோடையில் பாலம் கட்ட முன்மொழிந்தான்.

"வழிமொழியறவங்க?" என்றார் எல்டன்.

கார்லண்ட் மறுபடியும் உத்தரத்தைப் பார்த்தார். இந்த வருஷமும் அவர் ரோட்டுக்குக் கல் வர வேண்டுமே. எல்டன் வாயைத் திறக்கப் போவதில்லை. கிளார்க் பெண் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எங்கள் பக்கம் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த ஆரினின் பின்கழுத்து மெல்லச் சிவந்துகொண்டு வந்தது.

"வழிமொழியறேன்."

நான்தான். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. முன்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். எல்டன் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆர்டித், நீ இப்ப உறுப்பினர் இல்ல. உன் பேச்சு இங்க செல்லாது. உக்காரு."

ஆரின் நாற்காலியில் திரும்பிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அந்த முகத்தில் சமாதானம் ஒன்றும் இல்லை. பிறகு கிளார்க் பெண்ணிடம், "அவ சொன்னதையும் எழுதிக்கோம்மா" என்றான்.

"எழுதாத" என்றார் எல்டன். "வழிமொழிய ஆள் இல்ல. செத்துப்போச்சு. அடுத்தது."

அடுத்தது ஏதோ பனி அள்ளும் வண்டிக்கு டயர் வாங்குவது பற்றி. அதைப் பேசி முடிக்கும்வரை நான் உட்காரவில்லை.