நாற்பத்தோரு இடத்தில் என் பெயர்

12.9.1988
மூன்றாவது கதையும் திரும்பி வந்துவிட்டது. இந்த முறை சித்திரக்கதைப் பத்திரிகை ஆசிரியர் ஒரு கடிதமும் வைத்திருக்கிறார். ‘உங்கள் கேப்டன் பிரடெரிக் வெலிங்டனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முடிப்பதற்குள் வில்லன் தப்பித்துவிடுகிறான். ஒரு பேச்சு பலூனுக்குள் எட்டு வார்த்தைதான் கொள்ளும். நம்மூர்ப் பெயராக வையுங்கள். உங்கள் கையெழுத்து ஓவியருக்குப் புரியவில்லை. டிசம்பர் பதினைந்துக்குள் வந்தால் பொங்கல் மலருக்குப் பார்க்கிறேன், இதுவே கடைசி.’

இது தெரியாமல் பஸ் டெப்போ முழுக்க ‘பொங்கலுக்கு என் கதை வருது’ என்று சொல்லி வைத்திருக்கிறேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதா எனக்கு?

19.9.1988
கண்டக்டருக்குப் பெயர்ப் பஞ்சமா? தினமும் வெள்ளிமலை பஸ்ஸில் நூறு பேர் ஏறுகிறார்கள். வடக்கனந்தலில் ஏறிய ஒருவரிடம் நோட்டும் பேனாவுமாய்ப் பெயர் கேட்டேன். “டிக்கெட்டுதான் எடுத்துட்டேனே சார், பேரு எதுக்கு? கேசு கீசு போடப் போறீங்களா?” என்று அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார். டிரைவர் முனியன் சிரித்த சிரிப்பில் வண்டியே ஒருமுறை குலுங்கியது.

4.10.1988
கிடைத்துவிட்டது! அதுவும் ரேஷன் கடையில். புருஷன் பெயர் என்ன என்று கடைக்காரர் கேட்டதற்கு அம்சவள்ளி, “யானை கூப்ட்டதும் ஓடியாந்து காப்பாத்துனாரே, அந்த சாமி பேரு” என்றாளாம். என் பெயரை அவள் வாயால் சொல்லமாட்டாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம், ஒருநாளும் சொன்னதில்லை. வந்து சொல்லிச் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. ஆபத்தில் இருப்பவர் கூப்பிட்டதும் ஓடி வருகிறவன்! கதாநாயகனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா?

ஆதிமூலம்.

(என் பெயர்தான். அதனால் என்ன?)

27.11.1988
எழுதி முடித்தேன். கல்வராயன் மலையில் சந்தனமரம் கடத்தும் மாயவன், அவனைத் துரத்தும் ஆதிமூலம். பதினாறு பக்கம், படிக்கிறவர் நெஞ்சு படபடக்கும். என் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்று. அடக்கம் எனக்குப் பிறவிக் குணம்.

6.12.1988
சுத்தப்பிரதி எடுக்க அம்சவள்ளியிடம் கொடுத்தேன். எட்டாவது வரைதான் படித்தாள், எழுத்து முத்து முத்தாக இருக்கும். “முதல் பக்கத்துல ‘கதை: ஆதிமூலம்’னு பெருசா எழுது” என்றேன். புரட்டிப் பார்த்தவள் முகம் ஒரு மாதிரி ஆனது. “செரி, வுடுங்க, எழுதறேன்” என்றாள். பதினாறு பக்கமாயிற்றே, கை வலியை நினைத்து மலைக்கிறாள் என்று நினைத்தேன்.

11.12.1988
வெள்ளிமலை. மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து இரண்டு நாளாகப் பஸ் இங்கேயே நிற்கிறது. எங்களுக்கு முன்னால் போன ஜீப் மயிரிழையில் தப்பியது. எனக்கோ கவலையெல்லாம் தபால் தேதி மேல். என்ன பிறவியோ நான்!

13.12.1988
வீடு வந்தேன். நேற்றே தபாலில் சேர்த்துவிட்டாளாம். அப்பாடா!

“எல்லாம் அப்படியேதான எழுதன?”

“ஒண்ணே ஒண்ணுதான் மாத்தினேன்.”

“இன்னாது?”

“கொழம்பு தீயுது” என்று உள்ளே போய்விட்டாள்.

29.12.1988
கடிதம் வந்தது. ‘அன்புள்ள அவர் அவர்களுக்கு’ என்று தொடங்குகிறது.

யார் அந்த அவர்?

‘பெயரே இல்லாத கதாநாயகன்! எல்லோருக்கும் அவன் வெறும் “அவர்”. “ஐயோ, அவர் வந்துட்டாரு!” என்று திருடர்கள் ஓடுவதும், மாயவன் கத்தியோடு நின்று “ஏங்க, கொஞ்சம் வெளிய வாங்க” என்று கூப்பிடுவதும் படித்து அலுவலகமே சிரித்தது. நகைச்சுவை உங்களுக்கு இயல்பாக வருகிறது. “அவர்” என்ற புனைபெயரும் பொருத்தம். மலர் அச்சில் இருக்கிறது.’

நகைச்சுவையா? நெஞ்சு படபடக்க எழுதினேனே! நாற்பத்தோரு இடத்திலும் என் பெயரைத் தூக்கிவிட்டாள். முதல் பக்கத்திலும்!

கத்தினேன். “எழுதனா இன்னாடி கொறைஞ்சிப் போயிடும்?”

“ஆயுசு கொறையும்” என்றாள். “நீங்க மழையில அந்த மலையில மாட்டிக்கினு இருக்கீங்க. வண்டி உருண்டுச்சின்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நான் இங்க குந்திக்கினு நாப்பத்தோரு வாட்டி உங்க பேர எழுதணுமா?”

கத்துவதை விட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. ஆசிரியருக்குத் திருத்தக் கடிதம் எழுதிவிட்டேன்: கதை, ஆதிமூலம் என்றே போடவும். நாளைக்குத் தபாலில் சேர்க்க வேண்டும்.

5.1.1989
கடிதம் இன்னும் டிக்கெட் பையிலேயே இருக்கிறது.

14.1.1989
பொங்கல். பஸ் நிலையக் கடையில் மலர் தொங்கியது. ‘அவர்’ – கதை: அவர். “உம்ம பேரு எங்கய்யா?” என்று முனியன் பக்கம் பக்கமாகப் புரட்டினான். டெப்போவில் ஒருவரும் நம்பவில்லை. ஒருவர் மட்டும், “யாரோ அவருன்னு ஒருத்தர், நல்லா எழுதறாரு, கத்துக்கோ” என்று எனக்கே அறிவுரை சொன்னார்.

வீட்டுக்கு வந்தேன். பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாளை உட்காரவைத்து அம்சவள்ளி முழுக் கதையையும் சத்தமாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள், ஓரிடத்திலும் தடுமாறவில்லை. நான் வந்ததை இருவரும் பார்க்கவில்லை.

“யாருடி எழுதனது? பேரே காணோமே?” என்றார் கொளஞ்சியம்மாள்.

அம்சவள்ளி முதல் பக்கத்தில் விரலை வைத்தாள். “அதான் போட்டுருக்குதே, அவரு!”

கடிதத்தைப் பையிலிருந்து எடுத்துப் பொங்கல் அடுப்பில் போட்டேன்.