ஏசி இல்லாத வீட்டின் கரண்டு பில்

பிள்ளையார்பாளையம்,
12.6.2024

அன்புள்ளவருக்கு,

இங்கே அத்தை, மாமா, பாப்பா எல்லோரும் நலம். 'இங்க மஸ்கட்ல நாலு பேர் படுக்கற ரூம்ல இதெல்லாம் போன்ல பேச முடியாது, மெயில்ல எழுது' என்றீர்கள். எழுதுகிறேன். நேற்று போனில் நீங்கள் போட்ட கூச்சலை மட்டும் மற்ற மூன்று பேரும் எப்படித் தாங்கினார்களோ.

கரண்டு பில்லுக்கு உங்கள் கணக்கில் ஆறாயிரத்து எழுநூறு பிடித்துவிட்டார்கள், 'ராணி மாதிரி ஏசி போட்டுக்கினு படுத்திருக்கியா' என்று கேட்டீர்கள். இந்த வீட்டில் ஏசி கிடையாது. நீங்கள் பிறந்து வளர்ந்த வீடுதான், ஒரு வருஷம் மஸ்கட்டில் இருந்ததில் மறந்திருக்காது என்று நினைக்கிறேன். மாமா நெய்கிற கூடத்தில் ஒரு ஃபேன், எங்கள் அறையில் ஒரு ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ், நாலைந்து லைட். பாப்பா பிறந்த பிறகு துணிக்கு வாஷிங் மெஷின் வாங்கலாம் என்றேன். அதற்கும் நீங்கள் சிரித்தீர்கள்.

பிப்ரவரி லீவில் வந்தபோது ஆட்டோ டெபிட்டை நீங்களேதான் போட்டீர்கள். 'இனிமே இந்த வீட்ல பில்லைப் பத்தி யாரும் கவலப்பட வேணாம்' என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னீர்கள். மெசேஜும் உங்கள் போனுக்கே போகிறது. நாங்கள் பில்லைக் கண்ணால் பார்ப்பதில்லை, திட்டை மட்டும் காதால் கேட்கிறோம்.

பாப்பாவுக்கு முதுகு முழுக்க வேர்க்குரு. ஃபேனை நிறுத்தினால் உடனே எழுந்து அழுகிறாள். நான் முறத்தால் விசிறிக்கொண்டே இதை ஒரு கையால் தட்டுகிறேன். ராத்திரியில் ஃபேன் போடலாமா, கூடாதா? அதை மட்டும் எழுதுங்கள். பி.எஸ்சி. கணிதம் படித்தவள் பெற்ற பிள்ளைக்குக் காற்று வாங்க உத்தரவு கேட்கிறேன்.

இப்படிக்கு,
சங்கீதா


மஸ்கட்,
15.6.2024

அன்புள்ள சங்கீதாவுக்கு,

நலம். நீ கணிதம் படித்தவள் என்பதை எத்தனை தடவை சொல்வாய்? அப்படியானால் இந்தக் கணக்கையும் போடு. ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் விலை எங்கே போய் நிற்கும்? அதைக் கட்டுகிறவன் எந்த வெயிலில் நிற்கிறான்? எனக்கு இங்கே யாரும் விசிறிவிடவில்லை.

வேர்க்குரு வராமல் காஞ்சிபுரத்தில் எந்தக் குழந்தை வளர்ந்தது? நான் வளரவில்லையா? ராத்திரி ஃபேன் வேண்டாம். படுக்கும்போது ஃபிரிட்ஜையும் அணைத்துவிடு. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அம்மா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்.

பாப்பாவுக்கு என் முத்தம்.

முத்துக்குமார்


மஸ்கட்,
13.8.2024

சங்கீதாவுக்கு,

ஜூலையில் கட்டணத்தை ஏற்றினார்கள், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக ஏழாயிரத்து நூறா? எல்லாவற்றையும் அணைத்துவிட்டதாக நீ சொன்னது இந்த லட்சணம்தானா? பொய் சொல்வதற்கும் ஒரு படிப்பு வேண்டும் போலிருக்கிறது, உனக்கு அது நிறையவே இருக்கிறது. பிடித்தம் செய்த மெசேஜைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். உட்கார்ந்து பார்.

முத்துக்குமார்


பிள்ளையார்பாளையம்,
15.8.2024

அன்புள்ளவருக்கு,

உட்கார்ந்து பார்த்தேன். நின்றுகொண்டும் பார்த்தேன். பிறகு படத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் மீட்டர் பெட்டியின் மேல் பெயின்ட்டில் எழுதியிருக்கிற சர்வீஸ் நம்பரையும் பார்த்தேன். நீங்கள் அனுப்பியதில் இருக்கிற நம்பர் நம் வீட்டு நம்பரே இல்லை.

அத்தையிடம் கேட்டேன். சாமி மாடத்திலிருந்து கரண்டு கார்டுகளை எடுத்து வந்தார். இரண்டு கார்டு. இரண்டும் காமாட்சியம்மாள் என்று அவர் பேரில். ஒன்று இந்த வீடு. இன்னொன்று அத்தையின் மனையில் உங்கள் தங்கை சுகாசினி செவிலிமேட்டில் கட்டிக்கொண்ட வீடு. அதில்தான் நீங்கள் அனுப்பிய நம்பர். அத்தைக்கு முகமே செத்துப் போயிற்று. "பையன் புதுசா ஒண்ணு ஆரம்பிக்கறானே, மஞ்ச வெச்ச கார்டா இருந்தா நல்லதுன்னு எடுத்துக் குடுத்தேம்மா. அவ வூட்ல பால் காய்ச்சனப்ப பூஜைல வெச்சது அது" என்றார்.

சுகாசினி வீட்டில் ஏசி இரண்டு.

பிறகு நம் வீட்டு நம்பரை என் போனில் போட்டுப் பார்த்தேன். கட்ட வேண்டியது: பூஜ்யம். போன தடவையும் பூஜ்யம், அதற்கு முன்பும் அப்படியே. மாமா கைத்தறி நெய்கிறவர், முந்நூறு யூனிட் வரை இலவசம். அதை நாங்கள் தாண்டியதே இல்லை. பாப்பா வந்த பிறகு தாண்டிவிட்டோம் போல, என்னால்தான் போல என்று இரண்டு மாதமாக நான் வெந்துகொண்டிருந்தது உபரி.

ஆக, இலவசக் காற்றை நிறுத்திவிட்டுக் குழந்தையை வேர்க்க வைத்திருக்கிறோம். அந்த வேர்க்குரு கட்டியாகி, போன வாரம் டாக்டர் கீறிவிட வேண்டியதாயிற்று. 'செலவுக்கு வழி தேடாதே' என்று நீங்கள் போனை வைத்தீர்களே, அந்தக் கட்டிதான்.

போகட்டும். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. அத்தை பாவம், நீங்களும் தெரியாமல்தானே பேசினீர்கள். 'தெரியாமல் பேசிவிட்டேன்' என்று ஒரு வரி எழுதுங்கள், எனக்கு அது போதும். நம்பரையும் மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
சங்கீதா


மஸ்கட்,
18.8.2024

சங்கீதாவுக்கு,

துப்பறிந்து முடித்தாயிற்றா? சந்தோஷம். இது எனக்கு ஏப்ரலிலேயே தெரியும். முதல் பில் கட்டினதுமே தங்கச்சி போன் பண்ணினாள். "அண்ணா, எங்க வூட்டு பில்லை நீயா கட்டன?" என்று கேட்டாள். 'ஆமா, அண்ணன்தான் கட்டுவேன்' என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தார். இனி அவர் முன்னால் இல்லை என்று சொல்ல முடியுமா? அந்த வீட்டு பில்லுக்குத் தனியாகப் பணம் போகிறது என்பதால்தான் நீங்கள் எல்லாவற்றிலும் கொஞ்சம் கையைப் பிடிக்க வேண்டும் என்று நினைத்தேன். உன்னிடம் சொல்லியிருந்தால் ஆடியிருப்பாய், அதனால் சொல்லவில்லை. எப்படி இருந்தாலும் பெண்கள் சிக்கனம் பழகுவது நல்லதுதானே? நீ என்ன குறைந்துபோய்விட்டாய்?

தங்கச்சியிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. தீபாவளிக்கு இருபது நாள் லீவு கிடைத்துவிட்டது. நான் வருவதற்குள் இந்தப் பேச்சு முடிந்திருக்க வேண்டும்.

முத்துக்குமார்


பிள்ளையார்பாளையம்,
21.8.2024

திரு. முத்துக்குமார் அவர்களுக்கு,

உங்கள் தங்கையிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அத்தையிடமும் மாமாவிடமும் உங்கள் மெயிலை வரி விடாமல் வாசித்துக் காட்டினேன். அவர்களிடம் பேசக் கூடாது என்று நீங்கள் எழுதவில்லை.

மாமா தறிக் குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். அத்தை பக்கத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். நான் வாசித்து முடித்ததும் அத்தை கேட்டார்: "ஏம்மா, இந்த வெயில்ல நானும் அவங்கப்பாவும் ஃபேனை நிறுத்திட்டு இங்க வெந்துக்கினு கெடந்தோமே. அதுவும் அவனுக்குத் தெரிஞ்சேதானா?"

"தெரிஞ்சேதான் அத்தை" என்றேன்.

"கொழந்தைக்குக் கட்டி வந்துச்சே, அப்பவுமா?"

"அப்பவும்தான்."

அவர் அழுவார் என்று பயந்தேன். அழவில்லை. "பலே ஆம்பளைப்பா! தங்கச்சி வூட்டுக்காரன் முன்னாடி தொரைன்னு காட்டிக்கறதுக்குப் பெத்தவளையும் பிள்ளையையும் வறுத்து எடுத்துக்கினு இருந்திருக்கான்" என்றார். மாமா தறி நாடாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய், முதலில் எங்கள் அறை ஃபேனையும் பிறகு கூடத்து ஃபேனையும் ஐந்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பாப்பா சாயங்காலம் வரை தூங்கினாள். அவள் அவ்வளவு நேரம் தூங்கி நான் பார்த்ததில்லை. மூச்சு வருகிறதா என்று நாலு தடவை குனிந்து பார்த்தேன், அப்படிப் பழகிப் போயிருக்கிறேன்.

தெரியாமல் பேசியிருந்தால் மன்னித்திருப்பேன். அதற்கு ஒரு வரியைக்கூடக் கையில் எடுத்துக் கொடுத்தேன், உங்களுக்கு அதைத் திருப்பி எழுதத் தோன்றவில்லை. இனி என் போனுக்குக் கூப்பிட வேண்டாம், அத்தையைக் கூப்பிடுங்கள். எடுத்தால் பேசுங்கள்.

செவிலிமேட்டு நம்பரை மாற்ற வேண்டாம், அப்படியே இருக்கட்டும். தீபாவளிக்கு இருபது நாளும் அங்கேயே தங்கிக்கொள்ளுங்கள். மாமாவும் அதைத்தான் சொன்னார். ஏசி அறை இருக்கிறது, வெயில் தெரியாது. கரண்டுக்கும் நீங்கள்தான் கட்டுகிறீர்கள், யாரும் உங்களை ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

சங்கீதா